கொல்லத்து மேற்றிராணியார் ஜோர்டான்



பாலக்காட்டிலும் இடுக்கி மலையோரத்திலும் பிழைப்பு நாடிக் குடியேறிய நாம் ஆண்டுக்கொரு முறை இவ்வாறு கூடுகின்றோம். புலவர் பலர் இருக்க, புகைவண்டி நிலையத்தில் சரக்குக் கணக்கெழுதும் நம்மைப் பேசுமாறு செயலாளர் பணித்துவிட்டார். ஆதலின், நம்மைப் போலவே இம்மண்ணுக்கு அயலாராய் வந்த ஒருவரைப் பற்றியே சொல்லத் துணிந்தோம்.

அவர் ஜோர்டான் கட்டலானி என்பார். தென் பிரான்சு நாட்டவர். சாமிநாதர் சபைத் துறவி. 1321ஆம் ஆண்டில் பிரான்சிஸ்கன் சபைத் துறவியர் நால்வருடன் பம்பாயை அடுத்த தாணாவில் வந்திறங்கினார். இவர் வேற்றூர் சென்றிருந்த வேளையில் அந்நால்வரும் கொல்லப்பட்டனர். அவர்தம் உடல்களைச் சோபாராவில் அடக்கம் செய்துவிட்டுத் தனியராய் நின்றார். 1324 ஜனவரியில் துறவியர்க்கு எழுதிய மடலில், கடற்கொள்ளையர் கையில் அகப்பட்டதையும், சிறையில் கிடந்ததையும், துறவாடையும் இழந்து உட்சட்டை ஒன்றுடனே நெடுநாள் அலைந்ததையும் கூறுகின்றார். அம்மடலைப் படித்த அன்று நமக்கு உறக்கம் கொள்ளவில்லை.

பின்னர் ஐரோப்பா திரும்பியவர், தாம் கண்டவற்றை இலத்தீனில் ஒரு சிறு நூலாக்கினார். பலாவுக்குச் 'சக்கி' என்று பெயர் எழுதியிருக்கின்றார். 'சக்கை' என்று இன்றும் நம் அண்டை வீட்டார் அழைப்பது அதுவே அன்றோ! ஒரு பழம் ஐவர்க்குப் போதுமாம். மன்னனுக்குப் பின் அவன் மகன் அல்லன், உடன்பிறந்தாள் மகனே பட்டமேறுவான் என்ற இந்நாட்டு மருமக்கள் வழியையும் குறித்தார். மிளகு நெருப்பிலிட்டு வறுக்கப்படுவதால்தான் கறுக்கிறது என்று மேல்நாட்டார் அந்நாளில் கதை பேசினர். இவரோ, அது மரத்தில் படரும் கொடியின் காய், முதலில் பசுமையாயிருந்து முற்றியபின் கறுத்துச் சுருங்குவது, வறுப்பதென்பது பொய் என அடித்துச் சொன்னார். வண்டன்மேட்டிலும் குமுளியிலும் முற்றத்துப் பாயில் மிளகு காயவைக்கும் நம் பெண்களுக்கு இது புதுமையன்று. ஆனால் பிறர் சொன்னதை விட்டுத் தம் கண் கண்டதை எழுதினாரே, அதுவே நமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

அவிஞ்ஞோனில் வீற்றிருந்த பாப்பரசர் 22ஆம் யோவான் 1329 ஆகஸ்டு 9ஆம் நாள் கொல்லத்தை மறைமாவட்டமாக்கினார். இந்தியாவில் இலத்தீன் திருச்சபைக்கு அதுவே முதல் மறைமாவட்டம். அதே மாதம் 21ஆம் நாள் ஜோர்டான் அதன் மேற்றிராணியாரானார். 1330இல், கொல்லத்து நசுராணியர்க்கு இவரை ஏற்றுக்கொள்ளுமாறு பாப்பரசர் மடலும் தந்தார்.

அதன்பின் ஏடுகள் வாய் திறப்பதில்லை. அனுப்பிய சரக்குக்குச் சேர்ந்த சீட்டு வராவிடில் எம் அலுவலகத்தில் கணக்கை முடிக்க விடமாட்டார்கள். இவர் கணக்கோ அறுநூற்றுத் தொண்ணூறு ஆண்டுகட்கு மேலாக முடியாமல் நிற்கின்றது. தாணாவில் கொல்லப்பட்டார் என்போர் உளர், சான்று இல்லை. ஏறத்தாழ இருபதாண்டு கழித்துக் கொல்லம் வந்து ஓராண்டுக்கு மேல் தங்கிய மரிஞ்ஞொல்லி என்னும் இத்தாலியத் துறவி, அங்கே இலத்தீன் முறைப் புனித ஜார்ஜ் கோயில் ஒன்று இருந்ததைச் சொல்கின்றார். ஜோர்டான் பெயரைச் சொன்னாரில்லை. கொல்லம் மறைமாவட்டம் மீண்டும் நிறுவப்பட்டது 1886இல்.