நடைபாதையா சிறுவலை?



என் ஆசிரியர்கள் இருந்த தலைமை நாற்காலி இது. எழுதிவந்த தாள் கையில் கொஞ்சம் ஆடுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘புரதத் தொகுப்பில் கலப் புன்னங்கங்களின் கூட்டுச்செயல்’ என்பது இந்த அமர்வின் கருப்பொருள். கருவிலிருந்து தூது ஆர்.என்.ஏ. வருவதும், இறைபோசோம் அதை வாசித்து அமினோ அமிலங்களைக் கோப்பதும், இழைமணி சக்தி தருவதும் உங்களுக்குத் தெரியாததல்ல. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009இல் நோபல் பரிசு பெற்றதிலிருந்து இறைபோசோமுக்காகப் பேச ஆள் குறைவில்லை. அகமுதலுருச் சிறுவலைக்குத்தான் ஆளில்லை.

முன்பொரு அமர்வில் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர், “சிறுவலை வெறும் நடைபாதை. கோப்பது இறைபோசோம், பொதி கட்டுவது கொல்கி” என்றார். நான் எழுந்தபோது நேரம் முடிந்ததென்று மணி அடித்துவிட்டார்கள். இன்று மணி என் மேசையில் இருக்கிறது.

கொலாஜன் என்ற புரதத்தை எடுத்துக்கொள்வோம். இறைபோசோம் தருவது சங்கிலி மட்டுமே. சிறுவலைக்குள் அதன் புரோலின்களில் ஐதரொட்சில் ஏற்றப்பட்ட பிறகே மூன்று சங்கிலிகள் முறுகி நிலைக்கும். அதைச் செய்யும் நொதியத்துக்கு இரும்பு வேண்டும். அந்த இரும்பு செயலிழக்காமலிருக்க விற்றமின் சி வேண்டும். ஐதரொட்சில் ஏறாத சுருளி ஏறத்தாழ 24 பாகை செல்சியசிலேயே பிரிந்துவிடும். நம் உடம்போ 37. சரியாக முறுகாததைச் சிறுவலை எளிதில் வெளியே விடாது, பிடித்துவைத்துக்கொள்ளும். இப்படி மறித்து நிற்கும் நடைபாதையை நான் கண்டதில்லை.

உவர்மலையில் நின்றால் தெரியும் இந்தத் திருகோணமலைத் துறைமுகத்துக்காக 1782இல் பிரித்தானியக் கடற்படைத் தளபதி ஹியூசும் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் மோதினார்கள். பீரங்கிக்குத் தப்பிய மாலுமிகளை, அந்த விற்றமின் சி இல்லாமல் வரும் ஸ்கேவி நோய் கொண்டுபோன காலம் அது. முரசு வீங்கிக் குருதி கசியும். எப்போதோ ஆறிய காயம் திறந்துகொள்ளும். அவர்கள் உடம்பிலும் இறைபோசோம் கோத்துக்கொண்டுதான் இருந்தது. தோடை, தேசி இனப் பழங்கள் குணமாக்குவதைக் கப்பல் மருத்துவர் லின்ட் 1747இலேயே கண்டிருந்தும், பிரித்தானியக் கடற்படை சாற்றை முறையாகக் கொடுக்கத் தொடங்கியது 1795இல். கலத்தைப் பற்றிய கூட்டத்தில் கப்பல் கதை எதற்கென்று முணுமுணுப்பவர்களுக்கு: கப்பலும் கலந்தான்.

கொலாஜனின் மூன்றிழை அமைப்பைச் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1954இல் முன்வைத்தவர்கள் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அணுக்கள் மிக நெருங்கிவிட்டன என்று டி.என்.ஏ. புகழ் கிரிக் தரப்பு குறை சொன்னது. எவ்வளவு நெருங்கலாமென்று ராமச்சந்திரன் அளக்கப்போய்ப் பிறந்ததுதான் 1963இன் ராமச்சந்திரன் வரைபடம். வரைபடத்தை வகுப்பில் போடுகிறோம். அது கொலாஜன் சண்டையில் பிறந்ததென்று சொல்வதில்லை.

கொல்கி நண்பருக்கும் ஒரு கேள்வி. முறுகிய கொலாஜனின் நீளம் 300 நனோமீற்றர். வழக்கமான பொதிப்புடகம் 100 நனோமீற்றர்கூட இல்லை. எதற்குள் கட்டுவீர்கள்? கொலாஜன் கொல்கித் தட்டைவிட்டு இறங்குவதில்லை, தட்டுகளே முன்னேறுகின்றன என்பது 1998இல் லுயினி குழுவினர் கண்டது.

முதற்கட்டுரை அந்த நண்பருடையதே. தலைப்பில் ‘பொதி’ என்ற சொல் இருக்கிறது. அவருக்கு இருபது நிமிடம். மணியைத் தொடமாட்டேன்.