மடக்குக்கத்தியைப் பிரிக்கலாமா?

பென்சில் சீவுவதற்கும், பழம் நறுக்குவதற்கும், பொதியிற் கட்டிய கயிற்றை அறுப்பதற்கும் மடக்குக்கத்தி நமக்கு உதவுகின்றது. உருவிற் சிறிதாயினும் அதுவும் ஓர் இயந்திரமே. அசைகின்ற அலகு ஒன்று உண்டு. அவ்வலகு சுழல்வதற்கு அச்சாணி ஒன்று உண்டு. விரித்த அலகை நிலைநிறுத்த வில்லோ பூட்டோ உண்டு. ஆகவே, ஏனைய இயந்திரங்களைப் போல இதற்கும் பராமரிப்பு வேண்டும். அப்பராமரிப்பின் பொருட்டு, உடையவர் தமது கத்தியைத் தாமே பிரித்தல் தகுமா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

தகும் என்பார் கூறும் நியாயம் எளிதிலே தள்ளத்தக்கதன்று. தம் பொருளைத் தாமே பேணுதல் உடையவரின் உரிமை. உள்ளமைப்பை அறிந்தவரே ஒரு பொருளை நன்கு காப்பர் என்பது அவர் கட்சி. தகாது என்பாரோ, செய்தவன் அளந்து பொருத்தியதை மற்றவர் கலைத்தல் ஆகாது என்பர். இரு சாராரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். மடக்குக்கத்திகள் யாவும் ஒரே வகையாகப் பொருத்தப்பட்டவை அல்ல. எனவே முதலிற் பார்க்கவேண்டியது, கையிலுள்ள கத்தியின் அச்சாணி எத்தகையது என்பதையே.

சுவிற்சர்லாந்திலே காள் எல்செனர் என்பவர் 1884ஆம் ஆண்டிலே ஒரு பட்டறை தொடங்கினார். அதுவே பிற்காலத்தில் விக்டோரினொக்ஸ் எனப் பெயர்பெற்றது. பல கருவிகள் அடங்கிய அவரது புகழ்பெற்ற கத்தி 1897ஆம் ஆண்டு யூன் 12ஆந் திகதி சட்டப் பாதுகாப்புப் பெற்றது. அக்கத்தியின் உறுப்புகள் தறையாணிகளாற் பிணைக்கப்பட்டவை. தறையாணியாவது முனையை அடித்துப் பரப்பி இறுக்கப்பட்ட ஆணி. அதனைத் திருகிக் கழற்ற முடியாது, அராவியோ துளைத்தோதான் அகற்றவேண்டும். அகற்றியபின் புதிய ஆணியை அதே இறுக்கத்தில் அடிப்பது கைதேர்ந்த தொழிலாளியின் வேலை. இத்தகைய கத்தியைப் பிரிக்கலாமா என்பதற்கு, வேண்டாம் என்பதே விடை.

பிரான்சின் சவோய் மலைநாட்டிலே தோன்றிய ஒப்பினெல் என்னும் மரப்பிடிக் கத்தியின் அச்சாணியும் தறையப்பட்டதே. ஈரத்தால் மரம் பருத்து, அலகு பிடிக்குள் இறுகிவிடுவது அதன் இயல்பான குறை. அதற்கும் கத்தியைப் பிரிக்க வேண்டியதில்லை. சவோய் மக்கள் பிடியின் அடிப்பாகத்தைக் கடினமான ஒரு பொருளிலே தட்டுவர். அலகின் முனை சற்றே வெளிவரும். பின்னர் பிடியை நிழலிலே உலரவிட்டால் இறுக்கந் தளர்ந்துவிடும்.

இனி, திருகாணிகளாற் பொருத்தப்பட்ட புதுவகைக் கத்திகளுக்கு வருவோம். வாதத்துக்கு உண்மையான இடம் இங்கேதான் உண்டு. அமெரிக்காவிலே கிறிஸ் றீவ் பட்டறையிற் செய்யப்படும் செபென்சா என்னுங் கத்தி, உடையவரே பிரித்துத் துடைக்கத்தக்கதாக அமைக்கப்பட்டது. வேறு சில உற்பத்தியாளரோ, பிரித்த கத்திக்குத் தமது உத்தரவாதம் செல்லாது என்கின்றனர். ஆதலால், கத்தியுடன் வந்த துண்டுப்பிரசுரத்தை வாசியாமல் திருப்புளியை எடுத்தலாகாது.

அனுமதி இருப்பினும் இடையூறுகள் உள. இச்சிறு திருகாணிகளின் தலையிலே நட்சத்திர வடிவான குழி இருக்கும். அளவு சற்றே பிசகிய கருவியை இட்டுத் திருகினால் குழி நைந்துவிடும். அதன்பின் ஆணி அசையாது. சிலவற்றின் புரிகளிலே, ஆணி இளகாதிருக்கப் பசை இடப்பட்டிருக்கும். அதனைச் சூடாக்கி இளக்காமல் வலிந்து திருகினால் ஆணி முறியவுங் கூடும். உள்ளிருக்கும் நுண்ணிய வில்லோ குண்டுமணியோ தெறித்து மறைந்தால் மாற்றுப்பொருள் கிடைப்பது அரிது.

இவை பொருளுக்கு வரும் நட்டம். விரலுக்கு வரும் நட்டம் இதனினும் பெரிது. அச்சாணியை மிக இறுக்கினால் அலகு திறவாது. மிகத் தளர்த்தினால் அலகு ஆடும், பூட்டும் தனக்குரிய இடத்திற் சரியாகப் பொருந்தாது. அழுத்தி வெட்டும் வேளையிலே பூட்டு நழுவினால், அலகு மடங்கி விழும் இடம் பிடித்திருப்பவரின் விரல்களே.

அப்படியாயின் பராமரிப்பு எவ்வாறு? சட்டைப்பையின் நூலும் தூசும் பழச்சாறுமே பெரும்பாலான இறுக்கத்துக்குக் காரணம். மரப்பிடியல்லாத கத்தியை இளஞ்சூடான சவர்க்கார நீரில் அமிழ்த்திப் பலமுறை திறந்து மூடுக. மூட்டைப் பழைய பற்தூரிகையால் துலக்கி, நன்னீரிற் கழுவி, முற்றாக உலர்த்துக. பின்னர் அச்சாணியில் ஒரே ஒரு துளி எண்ணெய் போதும். நம் வீடுகளிலே கைக்கெட்டுவது தேங்காயெண்ணெய். ஆயினும் அது நாளடைவிற் காறிப் பிசுபிசுத்து அழுக்கைச் சேர்க்கும். தையலியந்திர எண்ணெய் நன்று. உணவு வெட்டுங் கத்தியாயின் மருந்துக்கடையில் விற்கப்படும் திரவப் பரபின் ஏற்றது. கடற்கரையோரம் வாழ்வோர் உப்புக்காற்றை நினைவிற்கொண்டு இதனை அடிக்கடி செய்தல் வேண்டும்.

இவ்வளவுஞ் செய்தபின்னும் மூட்டிலே மணல் நறநறத்தாலோ, துரு ஏறியிருந்தாலோ, செய்தவரும் அனுமதித்திருந்தாலோ பிரிக்கலாம். பொருத்தமான கருவியுடன், வெள்ளைத் துணி விரித்து, கழற்றிய ஒழுங்கிலே உறுப்புகளை வரிசையாக வைக்கவேண்டும். மீளப் பூட்டியதும், அலகை விரித்து, விரல்களை அது மடங்கும் வழியினின்றும் விலக்கிப் பிடித்து, அலகின் முதுகை மரப்பலகையிலே மெல்ல அழுத்திப் பார்க்கவேண்டும். அலகு மடங்குமாயின் அக்கத்தியைப் பயன்படுத்தலாகாது. தொழில் அறிந்தவரிடம் ஒப்படைத்தலே முறை.

சுருங்கக் கூறின், தறைந்த கத்தியைப் பிரிக்கவேண்டாம். திருகாணிக் கத்தியை, கழுவியும் எண்ணெயிட்டும் தீராத குறைக்காக மட்டும் பிரிக்கலாம். நன்றாக இயங்குங் கத்தியை, உள்ளே என்ன இருக்கின்றதென்று பார்க்கும் ஆவலாற் கலைப்பது பராமரிப்பு ஆகாது.