அறக்கட்டளைகளுக்குச் சட்டத் துணை: புனே நகரின் அனுபவம்

(பொது அறக்கட்டளைகளின் பொறுப்பாளர்களுக்காகத் தயாரிக்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

புனே நகரில் பார்வதி குன்றின் மீது பேஷ்வாக்கள் காலத்துக் கோவில்கள் உள்ளன. அத்தேவஸ்தானத்தின் நிர்வாகம் குறித்து மக்களிடையே எழுந்த அதிருப்தியே 1870-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பூனா சார்வஜனிக் சபை தோன்றக் காரணமாயிற்று. சபையை நிறுவ முன்னின்றவர் கணேச வாசுதேவ ஜோஷி என்னும் வழக்கறிஞர். சபையில் உறுப்பினராக விரும்பியவர் குறைந்தது ஐம்பது பேரிடமிருந்து கையொப்பமிட்ட முக்தியார்நாமா, அதாவது அதிகாரப் பத்திரம், பெற்று வர வேண்டுமென விதி வகுக்கப்பட்டது. இவ்வாறு சுமார் 6,000 பேரின் சார்பில் 95 பேர் உறுப்பினராயினர். பிற்காலத்தில் ரானடேயின் வழிகாட்டுதலில் பஞ்சம், நிலவரி போன்ற பொருளாதாரப் பிரச்சினைகளை ஆராய்ந்து புகழ் பெற்ற இச்சபை, ஓர் அறநிலையத்தை யார், எந்த அதிகாரத்தின் பேரில் நிர்வகிக்கிறார் என்ற கேள்வியிலிருந்து பிறந்தது என்பதைப் பலரும் மறந்துவிட்டனர்.

அக்கேள்வி இன்றும் பழையதாகிவிடவில்லை. 1884-இல் தோன்றிய டெக்கான் கல்விச் சங்கம், 1896-இல் கார்வே தொடங்கிய விதவையர் இல்லம், 1905-இல் கோகலே நிறுவிய இந்திய ஊழியர் சங்கம் எனப் பொதுப்பணி நிறுவனங்கள் புனேயில் தொடர்ந்து வளர்ந்து வந்துள்ளன. இவற்றைப் போன்ற பெரிய நிறுவனங்களுக்குச் சட்ட ஆலோசகர்களும் கணக்காளர்களும் கிடைத்துவிடுகின்றனர். ஒரு பாலர் பள்ளியையோ, ஒரு நூல்நிலையத்தையோ நடத்தும் சிறு அறக்கட்டளைகளின் நிலைதான் கவலைக்குரியது.

மகாராஷ்டிரத்தில் பொது அறக்கட்டளைகள் அனைத்தும் 1950-ஆம் ஆண்டின் பம்பாய்ப் பொது அறக்கட்டளைகள் சட்டத்துக்கு உட்பட்டவை. பின்னர் அதன் பெயரில் பம்பாய் என்பது மகாராஷ்டிரம் என்று மாற்றப்பட்டது. தமிழ்நாட்டில் இந்து சமய நிறுவனங்களுக்கும் அறக்கொடைகளுக்கும் 1959-ஆம் ஆண்டின் சட்டம் உண்டு. ஆயின் மருத்துவமனை, பள்ளி போன்ற மதச்சார்பற்ற அறப்பணிகள் அனைத்தையும் ஒருங்கே மேற்பார்வையிடும் ஆணையர் எவரும் அங்கில்லை. மகாராஷ்டிரத்திலோ கோவிலும் கல்வி நிறுவனமும் ஒரே ஆணையரின் கண்காணிப்பில் வருகின்றன. மராத்தியில் அவர் 'தர்மாதாய் ஆயுக்தர்' எனப்படுவார். 1860-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான அறப்பணிச் சங்கமும் அவரது பதிவேட்டில் இடம்பெற வேண்டும். ஒரே நிறுவனத்துக்கு இரு பதிவுகளா என்று புதியவர் மலைப்பது இயல்பே.

சிக்கல் பெரும்பாலும் பதிவின்போது எழுவதில்லை. அதற்குப் பின்னரே எழுகிறது. சிறு பள்ளி ஒன்றை நடத்தும் அறக்கட்டளையைக் கற்பனை செய்து பார்க்கலாம். அறங்காவலர் ஐவர். அவர்களில் இருவர் காலமாகின்றனர். ஒருவர் வெளியூரில் குடியேறுகிறார். எஞ்சியவர்கள் கூடி, தகுதியுள்ள மூவரைத் தேர்ந்தெடுத்து, கூட்ட நடவடிக்கைக் குறிப்பேட்டிலும் எழுதி வைக்கின்றனர். அத்துடன் கடமை முடிந்ததெனக் கருதிவிடுகின்றனர். ஆனால் சட்டத்தின் 22-ஆவது பிரிவின்படி, பதிவேட்டில் உள்ள விவரங்களில் ஏற்படும் எந்த மாற்றத்தையும் 90 நாட்களுக்குள் 'மாறுதல் அறிக்கை' மூலம் தெரிவிக்க வேண்டும். பத்து ஆண்டுகள் கழிந்து கட்டடம் பழுதுபடுகிறது. நிலத்தில் ஒரு பகுதியை விற்றுப் புதிய வகுப்பறைகள் கட்ட எண்ணுகின்றனர். அசையாச் சொத்தை விற்பதற்கு 36-ஆவது பிரிவின்படி ஆணையரின் முன் அனுமதி தேவை. விண்ணப்பத்தில் கையொப்பமிட்டவர் யார் என்று பதிவேட்டைப் புரட்டினால், அதில் இருப்பவை காலமானவர்களின் பெயர்கள்! இதே சமயத்தில் முன்னாள் அறங்காவலர் ஒருவரின் வாரிசு உரிமை கோரி வந்துவிட்டால், வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும். எவரும் ஒரு காசுகூடக் கையாடவில்லை. எனினும் பிள்ளைகள் ஒழுகும் கூரையின் கீழ் அமர்ந்திருக்க வேண்டியதுதான். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க வழியுண்டு என்றாலும், பத்தாண்டுத் தாமதத்துக்கு விளக்கம் கூறுவது எளிதன்று.

மருத்துவமனைகளைப் பொறுத்தவரை இந்தச் சட்டம் ஏழை நோயாளியின் உயிரோடு நேரடியாகத் தொடர்புடையது. 41-ஏஏ பிரிவின் கீழ் பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட திட்டம் 2006 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி அறக்கட்டளை மருத்துவமனைகள் தம் படுக்கைகளில் 10 சதவீதத்தை வறியோருக்கு இலவசமாகவும், மேலும் 10 சதவீதத்தை நலிந்த பிரிவினருக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும். மொத்தக் கட்டண வசூலில் 2 சதவீதத்தை வறிய நோயாளர் நிதியில் சேர்க்க வேண்டும். வருமான வரம்பு காலத்துக்குக் காலம் உயர்த்தப்பட்டுள்ளது. இத்திட்டத்தை அறங்காவலர் அறிந்திருந்தால் மட்டும் போதாது. இரவு பதினொரு மணிக்குச் சேர்க்கைப் பிரிவில் அமர்ந்திருக்கும் எழுத்தர் அறிந்திருக்க வேண்டும். எந்தச் சான்றிதழைக் கேட்பது, அவசர நிலையில் எதைக் கேட்காமலே சேர்த்துக்கொள்வது என்பவற்றை அவருக்கு எளிய மராத்தியில் எழுதிக் கொடுப்பதும் சட்ட ஆலோசனையே.

மத்திய சட்டங்களும் விரைந்து மாறி வந்துள்ளன. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2020 செப்டம்பரில் திருத்தப்பட்டது. நன்கொடைகள் யாவும் முதலில் புது டில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில் சேர வேண்டும் என்றாயிற்று. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வருமான வரி விலக்குக்கான மறுபதிவு முறையும், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைப் பெறுவதற்கான பதிவும் 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. ஏழு மாதங்களுக்குள் மூன்று மாற்றங்கள்! மாலை வேளைகளில் மட்டும் அலுவலகம் வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் செயலராக உள்ள அறக்கட்டளை இவற்றை எவ்வாறு தெரிந்துகொள்ளும்?

இங்கிலாந்தில் வழக்கறிஞர் நிறுவனங்கள் பல, தம் கட்சிக்காரர்களான அறநிலையங்களுக்குச் செய்தி மடல் அனுப்புவது வழக்கம். புதிதாகப் பணியில் சேர்ந்தவர் யார், பதவி உயர்வு பெற்றவர் யார் என்ற செய்திகளோடு, புதிய சட்டம் அறநிலையங்களை எவ்வாறு பாதிக்கும் என்ற விளக்கமும் அதில் இருக்கும். ஊழியர் செய்தி அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் ஐயம் எழும்போது எவரை அணுகுவது என்பதைச் செயலருக்கு அதுவே தெரிவித்துவிடுகிறது. அங்குள்ள அறநிலைய ஆணையமும் அறங்காவலர்களுக்கான கையேடுகளை இலவசமாக வெளியிடுகிறது. இந்தியாவிலோ வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்துகொள்வதை வழக்கறிஞர் கழக விதிகளின் 36-ஆவது விதி தடுக்கிறது. 2008 முதல் இணையதளத்தில் பெயர், முகவரி, தகுதி, தொழில் துறை போன்ற சில விவரங்களை மட்டும் வெளியிட இசைவு அளிக்கப்பட்டது. தொழிலின் கண்ணியம் காக்கும் விதி என்பதில் ஐயமில்லை. எனினும் சட்ட மாற்றத்தைப் பொதுமக்களுக்கு விளக்குவதும் வாடிக்கை தேடுவதும் ஒன்றல்ல.

இலவசச் சட்ட உதவியும் இங்கே துணைக்கு வருவதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், குறைந்த வருவாயினர் முதலிய தனிநபர்களுக்கே உரிமை வழங்குகிறது. அதே மக்களுக்குப் பணிபுரியும் சிறு அறக்கட்டளை அந்தப் பட்டியலில் இல்லை.

புனேயில் இக்குறையைப் போக்க வாய்ப்பு உண்டு. 1924-இல் இந்திய சட்டச் சங்கம் தொடங்கிய சட்டக் கல்லூரி இந்நகரில்தான் உள்ளது. அறக்கட்டளை இணை ஆணையரின் அலுவலகமும் இங்கேயே உள்ளது. சட்ட மாணவர்கள் அனுபவமுள்ள வழக்கறிஞர்களின் மேற்பார்வையில் ஆண்டுக்கு ஒரு முறை சிறு அறக்கட்டளைகளின் பதிவேட்டு நகலைச் சரிபார்த்துக் கொடுக்கலாம். இதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதி ஒதுக்கீடோ தேவைப்படாது. செயலர் கொண்டுவர வேண்டியவை நான்கே: அறக்கட்டளைப் பத்திரம், முதலாம் அட்டவணையின் அண்மைய நகல், கூட்ட நடவடிக்கைக் குறிப்பேடு, தணிக்கையான கணக்கு. அட்டவணையில் உள்ள பெயர்களும் குறிப்பேட்டில் கையொப்பமிட்டோரின் பெயர்களும் ஒன்றாக உள்ளனவா என்பதை முதலில் பார்த்துவிட்டுப் பிறவற்றுக்குச் செல்லலாம்.