ஆறு மாதப் பம்பாய்க்காரர்களுக்கு

(மே மாதக் கடைசி ஞாயிறு மாலை, தாராவியில் சங்க அறையில் நடந்த வழியனுப்புக் கூட்டத்தில் நம் அமைப்பாளர் தோழர் பேசியது. பேசியபடியே தருகிறோம்.)



வழியனுப்பு விழா என்றால் மாலை போடுவார்கள். நம் சங்கத்தில் மாலைக்குப் பணம் எடுக்கப் பொருளாளர் சம்மதிக்கவில்லை. சுண்டலுக்கும் டீக்கும் சம்மதித்தார். அதுவும் அவர் வீட்டில் அவித்த சுண்டல் என்பதால் பணம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆகவே மாலை இல்லை என்று வருத்தப்படாதீர்கள்.

இந்த ஒன்பது பேரையும் இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். நம் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள். பாலிடெக்னிக்கில் சாண்ட்விச் டிப்ளமா படிக்கிறார்கள். மூன்றரை வருஷப் படிப்பு. நடுவில் இரண்டு தடவை ஆறாறு மாதம் வகுப்பறை கிடையாது, தொழிற்சாலைக்குப் போய்க் கற்றுக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு செமஸ்டருக்காக டிசம்பரில் வந்து இறங்கினார்கள். ஏழு பையன்கள் 90 அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடிக் கோலியில் இருந்தார்கள். இரண்டு பெண்கள் சயான் கோலிவாடாவில் அத்தை வீட்டில். காலையில் சயான் ஸ்டேஷனில் ஏறித் தானேப் பக்கம் வேலை. ஊரே சி.எஸ்.டி. பக்கம் நெருக்கியடித்துப் போகிற நேரத்தில் நீங்கள் எதிர்ப்பக்கம் போனீர்கள். ஆறு மாதம் பம்பாய் லோக்கலில் காலையில் கொஞ்சம் மூச்சு விட்டபடி போன பாக்கியசாலிகள். சாயங்காலம் திரும்பும்போதும் அப்படித்தான் என்று நினைக்கிறோம்.

வந்த முதல் வாரம் இவர்கள் முகம் எங்களுக்கு நினைவிருக்கிறது. இரும்பு ஏணியில் ஏறித்தான் வீட்டுக்குள் போக வேண்டும் என்பதை ஒரு தம்பி நம்பவே இல்லை. கீழே நின்று, "வாசல் எங்கே அண்ணே?" என்று கேட்டார். ஏணிதான் வாசல் என்றோம். குழாயில் தண்ணீர் வருகிற நேரத்துக்கு எழுந்திருக்கப் பத்து நாள் ஆயிற்று. குளிக்காமலே வேலைக்குப் போனார்கள். பிறகு என்ன ஆயிற்று? பொங்கலன்று 90 அடி ரோட்டில் வரிசையாகப் பானை வைத்தபோது, அடுப்புக்குக் கல் சுமந்து வந்தவர்கள் இவர்கள்தான். அடுத்த சந்து ஆச்சி இட்லிக் கொப்பரையை இறக்கும்போது பிடித்துக் கொடுத்தவர்களும் இவர்கள்தான். விடியுமுன் சைக்கிளில் இட்லி ஏற்றிக்கொண்டு நகரம் முழுக்கப் போகிறவர்கள் நம் ஆட்கள் என்பது இவர்களுக்கு ஊரில் தெரியாது. இங்கே வந்துதான் தெரிந்தது.

சரி, இப்போது போகிறீர்கள். மழையைப் பார்க்காமல் போகிறீர்கள். இன்னும் இரண்டு வாரம் இருந்தால் பார்த்திருக்கலாம். 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதே, அப்படிப்பட்ட மழையைப் பார்க்கச் சொல்லவில்லை. சாதாரண மழையே போதும், கோலிக்குள் கட்டிலுக்கு அடியில் செங்கல் வைக்கிற மழை. மழைக்காலம் பார்க்காதவன் பாதிப் பம்பாய்தான் பார்த்தான் என்று எங்கள் அப்பா சொல்வார்.

போகிறேன் என்று வாசலில் நின்று சொன்னால் நம் வீட்டில் திருத்துவார்கள். போய்விட்டு வாரேன் என்று சொல்ல வேண்டும். இது நமக்கு மட்டும் உள்ள பழக்கம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தோம். மராத்திக்காரர்களும் விடைபெறும்போது போகிறேன் என்று சொல்வதில்லை. ஆண் என்றால் "யேதோ" என்பார், பெண் என்றால் "யேதே" என்பார். வருகிறேன் என்று அர்த்தம். உங்கள் கோலிக்குக் கீழே குடியிருக்கும் மராத்திக் குடும்பத்திடம் நாளைக்கு இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போங்கள். ஆறு மாதத்தில் நீங்கள் கற்ற மராத்தி "புடே சலா" ஒன்றுதான் என்று கேள்விப்பட்டோம். அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. 1966க்குப் பிறகு இந்த நகரத்தில் தென்னாட்டுக்காரர்களுக்கு எதிராகக் கூச்சல் போட்ட காலம் ஒன்று இருந்தது. ஓட்டல்களைத் தாக்கினார்கள், வேட்டி கட்டியவனைப் பார்த்தால் கேலி பேசினார்கள். அப்போது எங்கள் அப்பாவுக்கு இருபது வயது சொச்சம். பரேல் பக்கம் வேலைக்குப் போனவர் திரும்ப முடியவில்லை. ஒரு மில் தொழிலாளி, மராத்திக்காரர், தன் கோலியில் இரண்டு ராத்திரி வைத்திருந்தார். மூன்றாம் நாள் அப்பா கிளம்பும்போது தெரியாமல் "ஜாத்தோ" என்றாராம், போகிறேன் என்று. அந்த வீட்டு அம்மாள் அப்படிச் சொல்லாதே என்று திருத்தியிருக்கிறார். அப்பா சாகும்வரை அந்த வீட்டுக்குத் தீபாவளிக்கு முறுக்கு போயிற்று. 1982 வேலைநிறுத்தத்தில் அந்த மில்காரர் வேலை இழந்து கொங்கணத்துக் கிராமத்துக்கே போனார். அவர் போனபோது ஸ்டேஷனுக்குப் பெட்டி தூக்கிப் போனவர் அப்பாதான். இந்த நகரத்தில் யாரை யார் வழியனுப்புவது என்பது அப்படித்தான் மாறிமாறி வரும்.

வழியனுப்ப ஆளில்லாமல் போனவர்களும் உண்டு. 2020 மார்ச்சில் ரயிலை நிறுத்தினார்கள். நாங்கள் ரயில்வேக்காரர்கள், வண்டி இல்லாத பிளாட்பாரத்தை அதுவரை பார்த்ததில்லை. ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் நோயாளி. அதன்பின் ராத்திரியோடு ராத்திரியாக வேனிலும் லாரியிலும் எத்தனை பேர் போனார்கள்! பக்கத்துக் கோலிக்கும் சொல்லவில்லை. வாடகை பாக்கி, மெஸ் பாக்கி, பயம். அவர்களைக் குற்றம் சொல்ல நமக்கு வாய் வராது. ஆனால் அந்தப் பழக்கம் நம்மிடையே ஒட்டிக்கொண்டுவிட்டது. இப்போதும் சொல்லாமல் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறோம். அதன் விலையைத்தான் இன்று சொல்ல வந்தோம்.

நம் ஆச்சி ஒருவர் அங்கே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்றார். 1971ல் கல்யாணமாகிப் பதினேழு வயதில் இந்தச் சந்துக்கு வந்தவர். வீட்டுக்காரர் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்து இறந்தார். மகன் கல்யாண் பக்கம் குடிபோய்விட்டார். 2024 மார்ச்சில் தாராவியில் வீடு வீடாகக் கணக்கெடுக்க ஆரம்பித்தார்கள் அல்லவா? அந்த வருஷம் வைகாசியில் பேத்திக்குப் பிரசவம் என்று ஆச்சி ஊருக்குப் போனார். பிரசவம், பிறகு கோயில் கொடை, பிறகு காய்ச்சல் என்று நாலு மாதம் ஆகிவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் இந்தப் பக்கத்து வீட்டுக் கதவில் எண் இருக்கிறது, அந்தப் பக்கத்து வீட்டுக் கதவில் எண் இருக்கிறது, ஆச்சி கதவில் இல்லை. வந்தவர்கள் பூட்டைப் பார்த்தார்கள், போனார்கள்.

அவர்களைக் குறை சொல்லிப் பேச நமக்கு நன்றாக வரும். ஆனால் தோழர்களே, அன்றைக்கு இரண்டு பக்கத்து வீட்டிலும் ஆள் இருந்தது. எதிர்த்த வீட்டில் நம் சங்கத்து உறுப்பினர் இருந்தார். இது இன்னார் வீடு, ஊருக்குப் போயிருக்கிறார், இன்ன நம்பரில் கூப்பிடுங்கள் என்று சொல்ல ஒரு வாய் இல்லை. ஏன்? ஆச்சி யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. நாமும் கேட்கவில்லை. நாலு மாதம் ஒரு கதவு பூட்டிக் கிடக்கிறது, சங்கத்துக்குத் தெரியாது என்றால் அது என்ன சங்கம்? இந்தக் கேள்வி எங்களுக்கும் சேர்த்துத்தான்.

எண் இல்லாவிட்டால் என்ன என்று கேட்கக் கூடாது. தரைத் தளத்தில் 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே இருக்கிறோம் என்று காட்டினால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு என்பது ஏற்பாடு. அதற்குப் பின்னால் வந்தவர்களுக்கும் மாடிக்காரர்களுக்கும் தாராவிக்கு வெளியேதான். அது நியாயமா என்று வேறு கூட்டத்தில் பேசுவோம். இன்றைக்கு விஷயம், காட்டுவதற்குத் தாள் வேண்டும், தாளைக் காட்ட முதலில் எண் வேண்டும்.

இங்கேதான் இந்தப் பிள்ளைகள் செய்த வேலை வருகிறது. பிப்ரவரியிலிருந்து ஞாயிறுதோறும் இவர்கள் இந்த அறையில் உட்கார்ந்து நம் வீட்டுத் தாள்களை அடுக்கிக் கொடுத்தார்கள். நம் பெயர்கள் மராத்தியில் எப்படி விழுந்திருக்கின்றன என்று அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. முத்து "மட்டு" ஆகியிருக்கிறது. அம்மாள் "அமல்" ஆகியிருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, படிவத்தில் அந்தக் கட்டத்தைச் சும்மா விட முடியாது. அதனால் எழுதியவர் இஷ்டப்படி ஒரு தாளில் அப்பா பெயர், ஒரு தாளில் ஊர் பெயர், இன்னொன்றில் இனிஷியலே குடும்பப் பெயர். ஒரே ஆள் மூன்று தாளில் மூன்று ஆளாக நிற்கிறார். ஆச்சியும் அப்படித்தான். ரேஷன் கார்டில் ஒருவர், லைட் பில்லில் இறந்துபோன வீட்டுக்காரர். 1995 வாக்காளர் பட்டியலில் ஆச்சி பெயரே இல்லை என்று நாங்கள் கைவிட்டுவிட்டோம். இந்தத் தங்கைதான், பட்டியலின் நகலை விரல் வைத்து வரி வரியாகப் பார்த்து, மாமனார் ஊர் பெயரின் கீழே ஆச்சியைக் கண்டுபிடித்தார். மூன்று ஞாயிறு பிடித்தது. ஆச்சி தன் பெயரைத் தொட்டுப் பார்த்தார். மராத்தி படிக்கத் தெரியாது, ஆனாலும் தொட்டுப் பார்த்தார்.

மனு கொடுத்து முத்திரை வாங்கி வைத்திருக்கிறோம். எண் இன்னும் விழவில்லை.

தம்பிகளே, உங்களுக்குத் தொழிற்சாலையில் ஆறு மாதம் இருந்தீர்கள் என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் இருந்த ஆச்சிக்கு அப்படி ஒரு தாள் கொடுக்க யாரும் இல்லை.

ஊருக்குப் போனதும் உங்களைச் சுற்றிக் கூட்டம் கூடும். பம்பாய் எப்படி என்று கேட்பார்கள். இதில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பழைய பாவம் உண்டு. அப்பா முதல் தடவை ஊருக்குப் போனபோது, கடன் வாங்கிக் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு போனார். அந்தக் கடிகாரத்தைப் பார்த்து மூன்று பேர் அவர் பின்னாலேயே கிளம்பி வந்தார்கள். வந்து, அப்பா படுக்கிற இடத்தைப் பார்த்தார்கள். ஷிப்டு முறையில் தூங்குகிற இடம். ஒருவன் எழுந்தால்தான் மற்றவன் படுக்கலாம். ஒருவர் அழுதே விட்டாராம். அதற்குள் ஊரில் ஆட்டை விற்றுவிட்டு வந்திருக்கிறார். ஆகவே கடிகாரம் காட்டாதீர்கள். அதற்காகச் சினிமாவில் காட்டுகிற தாராவியையும் சொல்லாதீர்கள், கத்தியும் சாக்கடையும் மட்டும் உள்ள தாராவியை. கும்பார்வாடாவில் சூளையைப் பார்த்தீர்கள், பதின்மூன்று காம்பவுண்டில் பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்கிறவர்களைப் பார்த்தீர்கள். கோலிக்கு முன்பணம் எவ்வளவு, மெஸ் எவ்வளவு, தண்ணீர் எத்தனை மணிக்கு, ஹிந்தி தெரியாவிட்டால் முதல் மாதம் என்ன படவேண்டும் என்று கணக்காகச் சொல்லுங்கள். முன்பணத்தில் பிடித்தம் செய்யப் பார்த்ததையும், நாலு பேராகப் போய்ப் பேசியபின் முழுசாகத் திரும்பி வந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைக் கேட்டபிறகும் வருகிறவன் வரட்டும், சங்க விலாசத்தோடு வரட்டும். நீங்கள் திரும்பி வரத்தான் வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஊரிலேயே நல்ல வேலை கிடைத்தால் அங்கேயே இருங்கள்; எங்களுக்குப் பொறாமைதான், வேறொன்றுமில்லை.

ஞாயிறு காலைக் கணக்கு வகுப்பு பற்றிப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பத்தாம் வகுப்புக்குப் போகும் பதினோரு பேர். அண்ணன் போனால் யார் சொல்லித் தருவார் என்கிறார்கள். எங்களுக்குக் கணக்கு மெட்ரிக்கோடு முடிந்தது, அதுவும் நல்ல மார்க்கோடு முடியவில்லை. ஞாயிறு பத்து மணிக்குப் போனில் முகம் பார்த்து நடத்துகிறேன் என்று ஒரு தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறார். போன் பிடித்து நிற்க ஆளும், நெட் பேக் போட ஆளும் கை தூக்குங்கள் பார்ப்போம். ஒன்று, இரண்டு... சரி, மூன்று.

இனி நம் வீட்டுக்காரர்களுக்கு. கோடை விடுமுறைக்குப் போனவர்கள் போக, ஆடிக் கொடைக்கு இன்னும் நாற்பது குடும்பமாவது போகும். அந்த மேஜை மேல் ஒரு நீள நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். போகிற தேதி, வருகிற தேதி, ஊர் போன் நம்பர், சாவி யாரிடம் என்று நாலு கட்டம். எழுதிவிட்டுப் போங்கள். எழுதத் தெரியாவிட்டால் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறோம். முதல் பக்கத்தில் முதல் வரியை ஆச்சி எழுதச் சொன்னார். மறுபடி எப்போது போகப்போகிறார் என்று கேட்டோம். எண் விழட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். தேதிக் கட்டம் காலியாக இருக்கிறது.

கடைசியாக ரயில் விஷயம். முன்பு 120 நாளைக்கு முன்னால் ரிசர்வேஷன் செய்யலாம். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாகிவிட்டது. கோடையில் காலை எட்டு மணிக்குத் திறந்தால் எட்டு ஐந்துக்கு ஒன்றும் இருக்காது. ரயில்வேயில் இருக்கிற ஆள் நினைத்தால் எடுத்துத் தரலாம் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். முடியாது, நாங்களும் உங்களோடுதான் வரிசையில் நிற்கிறோம். ஒன்பதில் ஏழு பேருக்குப் படுக்கை உறுதியாகிவிட்டது. இரண்டு பேருக்கு ஆர்.ஏ.சி. அந்த இரண்டும் பையன்களாக இருப்பது நல்லதாயிற்று. சார்ட் வந்ததும் போன் செய்கிறோம். மெஸ் அக்காவிடம் கணக்கை இன்று ராத்திரியே முடித்துவிடுங்கள். அவர் கேட்கமாட்டார், அதனால்தான் சொல்கிறோம். கோலிச் சாவியைக் கீழ்வீட்டு அம்மாளிடம் கொடுங்கள். பெட்டி தூக்க நாங்கள் நாலு பேர் வருகிறோம், இட்லி ஆச்சி கட்டித் தருகிறார். ஏணியில் டிரங்குப் பெட்டியை இறக்கும்போது மட்டும் கயிறு கட்டி இறக்குங்கள், டிசம்பரில் ஏற்றினபோது என்ன ஆயிற்று என்று கீழ்வீட்டுக் கூரை சொல்லும்.