உயிரோடிருக்கும்போதே கொடுத்தவர்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியரை மேடையில் ஏற்றினால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று பயந்திருப்பீர்கள். நான் ஒரு வியாபாரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெயர் சக் ஃபீனி.

1931இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில், ஐரிஷ் வழிவந்த சாதாரண குடும்பத்தில் பிறந்தவர். தாயார் ஆஸ்பத்திரித் தாதி. நோயால் நடக்கச் சிரமப்பட்ட அயலவர் ஒருவர் பஸ் தரிப்புக்குப் புறப்படுவதைக் கண்டால், தனக்கும் அந்தப் பக்கம் அலுவல் இருப்பதுபோலக் காரை எடுத்துக்கொண்டுபோய் அவரை ஏற்றிச் செல்வாராம். உண்மையில் அலுவல் எதுவும் இருப்பதில்லை. மகன் இதைப் பார்த்து வளர்ந்தார்.

விமானப்படையில் சேவை செய்ததற்குக் கிடைத்த அரச உதவியில் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஹோட்டல் முகாமைத்துவம் படித்தார். கைச்செலவுக்குச் சக மாணவர்களுக்கு சாண்ட்விச் விற்றார். 1960இல் ரொபர்ட் மில்லருடன் சேர்ந்து தொடங்கிய தீர்வையற்ற கடைகள் ஹொங்கொங், ஹொனலூலு என்று பரவின. 1964இல் ஜப்பானியருக்கு வெளிநாட்டுச் சுற்றுலா செல்ல வழி திறந்தது. ஊர் திரும்பும்போது எல்லோருக்கும் பரிசு கொண்டுபோவது அவர்கள் வழக்கம். அதைக் கவனித்துக் கடைகளை அதற்கேற்ப ஒழுங்குசெய்தார்கள். பணம் கொட்டியது.

1984இல் தன் வியாபாரப் பங்கை, 38.75 சதவீதத்தை, தான் நிறுவிய அறக்கட்டளைக்கு இரகசியமாக எழுதிக்கொடுத்தார். 1988இல் ஃபோர்ப்ஸ் சஞ்சிகை அவரைப் பெரும் செல்வந்தர் பட்டியலில் போட்டது. அந்தச் சொத்தோ அப்போது அவருடையதே அல்ல! உதவி பெற்றவர்கள் வாய் திறக்கக்கூடாது என்பது நிபந்தனை. 1997இல் கடைகள் கைமாறியபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

இந்த இரகசியத்தில் எனக்கு முழு உடன்பாடில்லை. யாருக்கு, ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்க ஒருவருக்கும் வழியில்லையே. அவரும் பின்னாளில் மற்றச் செல்வந்தர்களைத் தூண்டுவதற்காக வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார்.

என்னைக் கவர்ந்தவை அவருடைய வேறு இரண்டு பழக்கங்கள். ஒன்று, தனியே கொடுக்கமாட்டார். அயர்லாந்துப் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தபோது, அரசாங்கமும் தன் பங்கைப் போடவேண்டும் என்றார். போட்டார்கள். மற்றது, தள்ளிப்போடமாட்டார். அறக்கட்டளை காலகாலத்துக்கும் இருக்கவேண்டியதில்லை, தான் இருக்கும்போதே முடியவேண்டும் என்று தீர்மானித்தார். சுமார் 8 பில்லியன் டொலரைக் கொடுத்து முடித்து, 2020 செப்டெம்பரில் அதை மூடினார். 2023இல் 92 வயதில் காலமாகும்வரை சான் பிரான்சிஸ்கோவில் வாடகை வீடுதான்.

வியட்நாமில் டா நாங் பொது வைத்தியசாலையையும் கிராமச் சுகாதார நிலையங்களையும் அவர் பணம் கட்டியெழுப்பியது. மோட்டார் சைக்கிளில் போவோர் தலைக்கவசம் அணியவேண்டும் என்ற பிரசாரத்துக்கும் உதவியது. 2007 டிசெம்பரில் அங்கே அது சட்டமாயிற்று. விபத்துப் பிரிவில் இரவுக் கடமை பார்த்தவள் நான். பத்து வருடம் பொறுத்துக் கொடுத்திருந்தால் அந்த இடைவெளியில் எத்தனை தலைகள் என்றுதான் எனக்குக் கணக்கு ஓடுகிறது.

இடப்பெயர்வு முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது இரசாயன ஆய்வுகூடத்தில் ஒரேயொரு அளவிதான் மிஞ்சியிருந்தது. நியமிப்பு செய்ய வரிசையில் நிற்போம். உயர்தரச் சோதனைக்குச் சில மாதங்கள் இருக்கையில் ஒரு பெட்டி வந்தது. வைக்கோலுக்குள் அளவிகளும் குழாயிகளும். "ஆர் ரீச்சர் அனுப்பினது?" என்று கேட்டோம். "பேர் சொல்லவேண்டாம் எண்டவா. பழைய பிள்ளை ஒராள். உடைக்காமல் செய்யுங்கோ" என்றார் ரீச்சர். அந்த அக்கா இன்று இந்த மண்டபத்தில் இருந்தாலும் இருக்கலாம். அவர் பென்ஷன் எடுக்கும்வரை பொறுத்திருந்தால் எங்கள் வகுப்பில் சிலர் மருத்துவபீடத்தை எட்டியும் பார்த்திருக்கமாட்டோம்.

ஆனாலும் நானே பல வருடங்களாக, "வீட்டுக் கடன் முடியட்டும், பிறகு பாடசாலைக்கு ஏதாவது செய்வோம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள். கடன் இன்னும் முடியவில்லை.

உயிரியல் ஆய்வுகூடத்துக்குப் பன்னிரண்டு நுணுக்குக்காட்டிகள் வேண்டுமென்று அதிபர் கேட்டிருக்கிறார். எங்கள் வகுப்பு ஆறு தருகிறது, அடுத்த தவணை தொடங்கமுன். ஆனால் மற்ற ஆறுக்கும் வாக்குக் கிடைத்தால்தான் எங்கள் காசு வரும். முன்வரிசை அக்காமார் ஏன் இப்போது கைப்பையைத் திறந்து கண்ணாடி தேடுகிறீர்கள் என்று தெரியவில்லை. செயலாளர் பேனையோடு வாசலில் நிற்பார்.