வார்டில் ஒரு வாலிபன்

(மருத்துவமனை ஞாயிறு ஆராதனையில் எங்கள் நர்சிங் கண்காணிப்பாளர் பேசியது)



டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் சாட்சியை நீங்கள் அறிவீர்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவ வேதனையில் மரித்தார்கள். ஐடாவின் தகப்பனார் டாக்டர்தான். ஆனாலும் ஆண் தொடக்கூடாது என்று வீட்டார் மறுத்துவிட்டார்கள். அந்தப் பாரத்தோடு போனவர் 1899-இல் டாக்டரானார். 1918-இல் வேலூரில் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். 1947-இல் அங்கே ஆண்களும் சேர்ந்தார்கள்.

டாக்டர் படிப்புக்கு இரு பாலாரும் வந்தாயிற்று, ஸ்தோத்திரம். நர்ஸ் வேலை? முப்பது வருஷமாக வார்டில் இருக்கிறேன். படுக்கைப் புண்ணைக் கழுவுகிற கைகள் இன்னும் பெரும்பாலும் பெண் கைகள்தான். பெண் வேலை என்று பெயர் விழுந்தால் சம்பளமும் குறைந்துபோகிறது. (நம் ஆண்டவர் சீஷரின் கால்களைக் கழுவினாரே!)

இந்த வருஷம் ஒரு கூலித் தொழிலாளியின் மகன் நர்சிங்குக்கு வந்திருக்கிறான். ஊரார் கேலி செய்கிறார்கள், தாய்க்குக்கூட மனமில்லை. தாத்தாவைக் கடைசிவரை கவனித்தவன் அவன்தான். பெண் பிள்ளைகளுக்கென்று நீங்கள் கொடுத்த காணிக்கையை அவனுக்கு எடுக்க எனக்குத் துணிவில்லை, எடுக்கவும் கூடாது. ஆகவே தனியாகக் கேட்கிறேன். முதல் தவணையை ஆகஸ்டுக்குள் கட்ட வேண்டும்.