மாட்டுக் கொட்டிலிலிருந்து அடுப்படிக்கு

2022ஆம் ஆண்டின் முற்பாதியில் வெற்று வாயுக் கொள்கலன்கள் இலங்கையின் வீதியோரங்களில் நிரை நிரையாக நின்ற காட்சியை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதற்கு முந்திய ஆண்டிலே இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென்று தடைசெய்யப்பட்டது. அத்தடை ஆண்டு முடிவதற்குள் நீக்கப்பட்டதெனினும், வயலும் தோட்டமும் அடைந்த நட்டம் எளிதில் ஆறவில்லை. அடுப்புக்கு வாயு இல்லை. பயிருக்குப் பசளை இல்லை. இரண்டும் கப்பலை எதிர்பார்த்திருக்கும் பொருள்கள். இவ்விரண்டையும் ஓரளவுக்கேனும் ஒருங்கே தரவல்ல ஒரு பொருளோ, அந்நாள்களிலும் கிராமத்து மாட்டுக் கொட்டில்களில் காலைதோறும் வாரிக் கொட்டப்பட்டுக்கொண்டே இருந்தது.

அதனைக் குப்பை என்கிறோம். நகரத்தவருக்குக் குப்பை என்றால் எறிய வேண்டியது. கமக்காரனுக்கோ குப்பை என்றால் தோட்டத்துக்கு இடவேண்டிய எரு. ஒரே சொல்லின் இவ்விரு பொருளுக்கும் இடையிலேதான் சாண எரிவாயுவின் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது.

குளத்துச் சேற்றிலே காலை வைத்தால் குமிழிகள் மேலெழுவதைச் சிறுவரும் அறிவர். 1776இல் வோல்ற்றா என்னும் இத்தாலிய அறிஞர் மாச்சோரே ஏரியின் சேற்றைக் கிளறி, அக்குமிழிகளைப் பிடித்து, அவ்வாயு எரியும் எனக் கண்டார். 1895இல் இங்கிலாந்தின் எக்சிற்றர் நகரில் கழிவுத் தொட்டியிலிருந்து எழுந்த வாயுவைக் கொண்டு தெருவிளக்கு ஏற்றினர். காற்றுப் புகாத இடத்தில் வாழும் பற்றீரியாக்கள் சாணத்தையும் தாவரக் கழிவையும் சிதைக்கும்போது இவ்வாயு பிறக்கிறது. இதில் பாதிக்குச் சற்று மேற்பட்டது எரியும் தன்மையுள்ள மெதேன். எஞ்சியதிற் பெரும்பங்கு காபனீரொட்சைட்டு. மாட்டின் வயிற்றுக்குள் நிகழ்வதும் ஏறக்குறைய இதுவே. ஆகவே நிலத்தின் கீழே சீமெந்தினாற் கட்டப்படும் குவிமாடக் கலன், கமக்காரனின் கொட்டிலில் இன்னொரு மாடு என்று கொண்டால் தவறில்லை. மாட்டுக்கு நாள்தோறும் தீனியும் தண்ணீரும் வேண்டும்; இதற்கும் அவ்வாறே.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 25 கிலோ பச்சைச் சாணத்தை அதேயளவு நீரிற் கரைத்து நாள்தோறும் கலனுக்குள் விட்டால், ஏறக்குறைய ஒரு கன மீற்றர் வாயு கிடைக்கும். ஒரு கன மீற்றர் சாண வாயு, கடையில் வாங்கும் வாயுவில் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த அளவுக்கு ஈடாகும். அப்படியாயின், இருபத்தைந்து கிலோ சாணம் நாள் தவறாது கிடைக்கும் வீட்டில், ஒரு மாதத்துக்குப் பன்னிரண்டரைக் கிலோக் கொள்கலன் ஒன்று மிச்சமாகிறது. இது சிறு காரியமன்று. ஆனால் இருபத்தைந்து கிலோ என்பதை எளிதாகச் சொல்லிவிடலாம், திரட்டுவது எளிதன்று. கொட்டிலிலேயே கட்டித் தீனி போடும் பெரிய பசுக்கள் இரண்டு மூன்று இருந்தால் போதும். பகல் முழுவதும் தரவையில் மேய்ந்துவிட்டு இரவில் மட்டும் வீடு திரும்பும் நாட்டு மாடுகளாயின் அவற்றின் சாணத்திற் பாதி தரவையோடு போய்விடும். ஐந்தாறு மாடுகள் நின்றாலும் போதுமென்று சொல்வதற்கில்லை.

இக்கணக்கைப் பாராமற் கட்டப்பட்ட கலன்கள் நம் நாட்டிற் பல. 1970களிலிருந்தே இம்முறை இலங்கைக்கு அறிமுகமாகி, திட்டங்களின் பெயரால் ஊர்தோறும் கலன்கள் எழுந்தன. திறப்பு விழாவன்று நீலச் சுவாலை எரிந்தது, படம் பிடித்தார்கள். சில ஆண்டுகளின் பின் அவற்றிற் பல பயனற்றுக் கிடந்தன. ஒன்றில் வெடிப்பு விழுந்தது, திருத்த ஆளில்லை. இன்னொன்றின் உரிமையாளர் மாட்டை விற்றுவிட்டார். வேறொன்றிலே நாள்தோறும் சாணம் கரைப்பது யார் என்பதே தீராத வழக்காயிற்று. விஞ்ஞானம் இங்கே தோற்கவில்லை. கட்டிக் கொடுத்தவர் தம் கடமை கட்டுவதோடு முடிந்தது என எண்ணினார். பெற்றுக்கொண்டவர் தாம் ஓர் அடுப்பைப் பெற்றதாக எண்ணினார்.

நேபாளத்தில் நடந்தது வேறு. 1955இல் காத்மண்டுவுக்கு அண்மையிலுள்ள கோதாவரியில், புனித சவேரியார் பாடசாலையைச் சேர்ந்த யேசு சபைத் துறவி ஒருவர் பழைய எண்ணெய்ப் பீப்பாயைக் கொண்டு இதனை முதன்முதலிற் செய்து காட்டினார். 1977இல் சாண வாயுவுக்கென்றே ஒரு கம்பனி அங்கே அமைந்தது. 1992இல் நெதர்லாந்தின் உதவியோடு நாடளாவிய திட்டம் தொடங்கியபோது, கண்டபடி கட்டுவதற்கு இடங்கொடாமல், ஒரே வகைக் குவிமாடக் கலனையே நாடெங்கும் ஏற்றுக்கொண்டார்கள். மானியம் உண்டு, ஆனால் தரம் பார்க்கப்பட்டது. குறை கண்டால் கட்டியவர் தண்டம் இறுக்க வேண்டும். கட்டிய பின்னரும் சில ஆண்டுகளுக்குப் பழுது பார்ப்பது அவர் பொறுப்பே. வீட்டுக்காரர் மாட்டையும் உழைப்பையும் தம் பங்குப் பணத்தையும் கொடுக்க வேண்டியிருந்ததால், தேவையில்லாதவர் கட்டவில்லை. இன்று அந்நாட்டிற் கட்டப்பட்ட வீட்டுக் கலன்கள் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டன. மலைச்சரிவில் விறகு சுமந்து நடந்த பெண்களுக்கு நாளொன்றுக்கு இரண்டு மூன்று மணி நேரம் மீந்தது. அடுப்படியிற் புகை ஒழிந்தது. மலசலகூடத்தையும் கலனோடு இணைக்க முதலில் அருவருத்தவர்கள் பின்னர் தாமாகவே இணைத்தனர் என்பதும் கவனிக்கத்தக்கது.

வாயுவைப் பற்றிப் பேசுவோர் அது பிரிந்தபின் வெளிவரும் கரைசலை மறந்துவிடுகிறார்கள். கமக்காரனுக்கு அதுவே பெரிய வரவு. சாணத்தை வறட்டியாகத் தட்டி எரித்தால் அதன் நைதரசன் புகையோடு போகும். கலனுக்குள் விட்டாலோ எரிபொருள் மட்டும் பிரிந்து, பயிருணவு பெரும்பாலும் கரைசலிலேயே தங்கிவிடும். அதன் ஒரு பகுதி பயிர் உடனே உறிஞ்சத்தக்க அமோனிய வடிவில் இருப்பதால், வெயிலிற் காயவிட்டால் அது காற்றோடு கலந்துவிடும். ஆதலின் சூட்டோடு சூடாகத் தோட்டத்துக்குப் பாய்ச்சுதல் நன்று. இயலாவிடின், காய்ந்த இலை குழையைக் குழியில் இட்டு, அவற்றின்மேல் ஊற்றி மூடிவிடலாம். பனையோலை தாழ்த்தியும் மாட்டுப்பட்டி அடைத்தும் மண்ணை வளர்த்த யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். குடாநாட்டின் நிலம் சுண்ணக்கல். மேலே ஊற்றுவது கிணற்றுக்கு விரைவிற் போய்ச் சேரும். அங்குள்ள பல கிணறுகளில் நைத்திரேற்று ஏற்கெனவே மிகுந்திருக்கிறது. கலன் கசியாததாக இருத்தல் வேண்டும். கரைசற் குழியும் கிணற்றுக்கு எட்டத்தில் இருத்தல் வேண்டும்.

மாடில்லாத வீட்டார் சமையற் கழிவைப் பயன்படுத்தலாம். சோறு, மரக்கறித் துண்டு, மீன் கழிவு ஆகியன நிறைக்கு நிறை சாணத்தினும் கூடிய வாயு தருவன. எனினும் தொடக்கத்திற் சாணத்தையே இட்டுப் பற்றீரியாக்களைப் பெருக்கிக்கொண்டு, பின்பு சிறிது சிறிதாகக் கழிவைச் சேர்க்க வேண்டும். கலியாண வீட்டு மிச்சத்தை ஒரே நாளிற் கொட்டினால் உள்ளே புளித்து வாயு நின்றுவிடும். சவர்க்கார நீரும் கிருமிநாசினியும் ஒருபோதும் ஆகா. வயலில் எரித்துவிடும் வைக்கோல் இத்தகைய கலனில் மிதந்து ஏடு கட்டிவிடும். வைக்கோலை ஒரே தடவையில் நிரப்பிப் பல மாதம் வாயு பெறும் வேறொரு கலனை இலங்கையின் தேசிய பொறியியல் ஆராய்ச்சி, அபிவிருத்தி நிலையத்தார் வகுத்திருக்கிறார்கள். வன்னி, மட்டக்களப்பு நெல்லூர்களில் அதனைக் கட்டிப் பார்க்க இடமுண்டு.

ஆபத்தும் உண்டு. பழுது பார்ப்பதற்கென்று கலனுக்குள் எவரும் இறங்குதல் கூடாது. அங்கே ஒட்சிசன் இராது. ஐதரசன் சல்பைட்டு சிறிதளவே இருந்தாலும் கொல்லும். விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் மாண்ட செய்திகள் பல நாடுகளிலிருந்தும் வந்திருக்கின்றன.

கலனை முதன்முதலில் நிரப்பியதும் சுவாலையை எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். இரண்டு மூன்று வாரம் பொறுத்திருத்தல் வேண்டும். முதலில் வரும் வாயுவில் காற்றும் காபனீரொட்சைட்டும் மிகுந்திருப்பதால் அது பற்றாது. சில வேளை காற்றோடு கலந்து வெடிக்கவும் கூடும். அதனைக் கொளுத்திப் பாராமல் திறந்து வெளியே விட்டுவிடுவதே முறை. பலர் இந்த இடத்திலேயே மனம் தளர்ந்து சாணம் கரைப்பதை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல் நாள்தோறும் கரைத்து விட்டுவந்தால், அடுத்த வாரத்திலோ அதற்கடுத்த வாரத்திலோ அடுப்பு நீலமாக எரியும்.